'டிட்' போடுவதா, 'ஹாவ்' போடுவதா?

ஆங்கிலத்தில் பதில் சொல்வதைவிடக் கேள்வி கேட்பதுதான் கஷ்டம் என்பது என் நெடுநாள் அபிப்பிராயம். பதில் சொல்கிறவருக்குப் பாதி வேலையைக் கேள்வியே செய்து கொடுத்துவிடும். "டிட் யூ சீ இட்?" என்றால் "யெஸ், ஐ டிட்". "ஹாவ் யூ சீன் இட்?" என்றால் "யெஸ், ஐ ஹாவ்". எதிரில் இருப்பவர் கொடுத்த வார்த்தையையே திருப்பிக் கொடுத்தால் போதும். கேட்கிறவருக்கு அந்த வசதி இல்லை. வாயைத் திறக்கும்போதே 'டிட்'டா, 'ஹாவ்'வா என்று தீர்மானம் செய்திருக்க வேண்டும்.

இலக்கணப் புத்தகத்தில் முதலாவதற்கு சிம்பிள் பாஸ்ட் என்றும் இரண்டாவதற்கு ப்ரெசன்ட் பெர்ஃபெக்ட் என்றும் பெயர். இரண்டுமே நடந்த காரியத்தைப் பற்றித்தான் கேட்கின்றன. அப்படியிருக்க எதற்கு இரண்டு? முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க ஆபீசில் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதியவன் என்ற முறையில், நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பேரன் பேத்திகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் என் வயதுக்காரர்களுக்கு உபயோகப்படலாம்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1ஆம் தேதி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி முழுதாகக் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில்தான் என் ஆரம்பப் படிப்பு. வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, உத்தியோகத்துக்கு வந்தபின் மேஜை முழுக்க ஆங்கில ஃபைல். என்னைப் போன்றவர்களுக்கு இந்த 'டிட் - ஹாவ்' விஷயம் இன்னும் ஒரு சுற்று சிக்கலானது. காரணம் இதுதான்.

பிரெஞ்சில் "சாப்பிட்டாயா?" என்பதற்கு "ஆ த்யு மான்ழே?" என்பார்கள். அதில் வரும் 'ஆ' என்பது 'அவ்வார்' என்ற வினைச்சொல்லின் ஒரு வடிவம். 'அவ்வார்' என்றால் ஆங்கிலத்தில் 'டு ஹாவ்'. ஆக, எலும்புக்கூட்டைப் பார்த்தால் அப்படியே "ஹாவ் யூ ஈட்டன்?"தான். இதற்கு பஸ்ஸே கொம்போஸே என்று பெயர். இன்னொரு இறந்தகாலமும் உண்டு, பஸ்ஸே செம்ப்ள். நெப்போலியன் 1821-இல் இறந்தார் என்று சரித்திரப் புத்தகம் எழுதும்போதும், கதை எழுதும்போதும் வரும். நாங்கள் அதை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தோம். ஆனால் எந்த முசியேயும் கடைத்தெருவில் அதைப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு காலத்தில் பிரெஞ்சிலும் இரண்டுக்கும் வேறு வேறு வேலை இருந்தது. காலப்போக்கில் பேச்சு வழக்கில் பஸ்ஸே கொம்போஸே மற்றதன் வேலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டுவிட்டது. அதனால் பிரெஞ்சில் "ழே மான்ழே இயேர்" என்று, அதாவது நேற்றைச் சேர்த்து, தாராளமாகச் சொல்லலாம். அதையே வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலத்தில் வைத்து "ஐ ஹாவ் ஈட்டன் யெஸ்டர்டே" என்றால் ஆங்கிலேயன் முகம் சுளிப்பான். 'யெஸ்டர்டே' என்று நாள் குறித்த பிறகு அங்கே 'ஹாவ்'வுக்கு வேலை இல்லை.

அப்படியானால் இந்த வித்தியாசத்தை எங்கே போய்ப் பிடிப்பது? பிரெஞ்சில் இல்லை. ஆனால் தமிழில் இருக்கிறது. நாம் யோசிக்காமலே தினமும் அதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

"காசிக்குப் போனீர்களா?" என்று ஒருவரைக் கேட்கிறேன். "காசிக்குப் போயிருக்கிறீர்களா?" என்று இன்னொருவரைக் கேட்கிறேன். இரண்டும் ஒன்றா? இல்லை. முதல் ஆள் போன மாதம் லீவு போட்டுக் காசிக்குப் போவதாகச் சொன்னவர். அந்தப் பயணம் நடந்ததா என்பது என் கேள்வி. இரண்டாம் ஆளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பிறந்ததிலிருந்து இன்றுவரை என்றைக்காவது காசியை மிதித்தவரா என்று கேட்கிறேன். முதலாவது "டிட் யூ கோ டு காசி?" இரண்டாவது "ஹாவ் யூ எவர் பீன் டு காசி?" இதையே "காசிக்குப் போனதுண்டா?" என்றும் கேட்போம். ஆகவே 'உண்டா' வருகிற இடத்தில் 'ஹாவ்' வரும் என்பது முதல் அடையாளம்.

இரண்டாவது அடையாளம் 'ஆச்சா'. "சாப்பிட்டாச்சா?", "குளிச்சாச்சா?", "கையெழுத்து ஆயிற்றா?" இவற்றில், ஆகவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது, அது முடிந்துவிட்டதா, இன்னும் பாக்கியா என்ற விசாரணை இருக்கிறது. "ஹாவ் யூ ஈட்டன்?", "ஹாஸ் இட் பீன் சைன்ட் யெட்?" இங்கே 'எப்போது' என்பது முக்கியமில்லை. இப்போதைய நிலைமைதான் முக்கியம்.

மூன்றாவது அடையாளம் 'எப்போது'. நேரத்தைக் கேட்டுவிட்டால் பிறகு 'ஹாவ்' கிடையாது. "வென் ஹாவ் யூ கம்?" என்று நம்மூரில் அன்பாக விசாரிப்பார்கள். "வென் டிட் யூ கம்?" என்பதுதான் சரி. வந்த நேரம் முடிந்துபோன ஒரு புள்ளி. அதைத்தான் கேட்கிறோம்.

இந்த மூன்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டுமானால் ஏதாவது நேர்முகத் தேர்வில் போய் உட்கார்ந்தால் போதும். "ஹாவ் யூ எவர் வர்க்ட் இன் எ பேங்க்?" என்று ஆரம்பிப்பார்கள். ஆமாம் என்றதும் "வென் டிட் யூ ஜாயின்?", "ஒய் டிட் யூ லீவ்?" என்று போகும். முதல் கேள்வி 'உண்டா' ஜாதி. உண்டு என்று தெரிந்தபின் வருகிற கேள்விகள் எல்லாம் அந்தக் குறிப்பிட்ட சம்பவத்தைப் பற்றியவை. அதனால் 'டிட்'டுக்கு மாறிவிடுகின்றன. ஒரு சட்டையைப் பார்த்து "எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்கும்போதும் அப்படித்தான். வாங்கியது கண்முன் தெரிகிறது. "வேர் டிட் யூ பை இட்?"

தமிழ் கைகொடுக்கும் என்றேன். சில இடங்களில் காலை வாரியும் விடும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒன்று: "நேற்று வந்திருக்கிறார்" என்று தமிழில் சொல்லலாம். நான் நேரில் பார்க்கவில்லை, பிறகுதான் தெரியவந்தது என்ற தொனி அதில் உண்டு. ஆங்கிலத்தில் "ஹி ஹாஸ் கம் யெஸ்டர்டே" கூடாது. பிரெஞ்சுக்காரனும் தமிழனும் ஒரே குழியில் விழுகிற இடம் இது.

இரண்டு: "பத்து வருஷமாக இங்கே இருக்கிறேன்" என்போம். பிரெஞ்சிலும் 'தெப்யுயி' என்ற சொல்லைப் போட்டு நிகழ்காலத்தில்தான் சொல்வார்கள். இருக்கிறேன் என்பது நிகழ்காலம்தானே என்று நமக்கும் அவர்களுக்கும் நியாயமாகப் படுகிறது. ஆங்கிலேயனுக்கு மட்டும் பத்து வருஷத்துக்கு முன் ஆரம்பித்து இன்றுவரை நீளும் கயிற்றின் இரண்டு முனையும் வேண்டும். "ஹௌ லாங் ஹாவ் யூ பீன் ஹியர்?" என்றுதான் கேட்க வேண்டும். "ஹௌ லாங் ஆர் யூ ஹியர் ஃபார்?" என்றால் இன்னும் எத்தனை நாள் இருப்பாய் என்று அர்த்தமாகிவிடும். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் ஜாக்கிரதையாகக் கேட்க வேண்டிய கேள்வி.

மூன்று: "சார் காரைக்காலுக்குப் போயிருக்கிறாரா?" இதற்குத் தமிழில் இரண்டு அர்த்தம். இப்போது அங்கே இருக்கிறாரா என்றும் கேட்கலாம், எப்போதாவது போனதுண்டா என்றும் கேட்கலாம். ஆங்கிலம் பிரித்துவிடும். "ஹாஸ் ஹி கான்?" என்றால் ஆள் இன்னும் திரும்பவில்லை. "ஹாஸ் ஹி பீன்?" என்றால் போய்த் திரும்பியவர். டெலிபோன் எடுக்கிற கிளார்க்குக்கு இது சாதாரண விஷயமல்ல.

இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடம்தானே, இதற்கு இவ்வளவு விசாரம் தேவையா என்று கேட்பீர்கள். ஆபீசில் இது பல பேருடைய சோற்றோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

அரசாங்க வேலைக்குத் தேர்வானவர்கள் அட்டெஸ்டேஷன் ஃபாரம் என்று ஒன்றை நிரப்ப வேண்டும். அதில் "ஹாவ் யூ எவர் பீன் அரெஸ்டட்?" என்ற கேள்வி வரும். பொய்யான தகவல் கொடுத்தாலோ, உள்ளதை மறைத்தாலோ அதுவே வேலைக்குத் தகுதியில்லாமல் செய்துவிடும் என்று அந்த ஃபாரத்திலேயே எச்சரிக்கை இருக்கும். காலேஜ் நாளில் ஊர்வலம் போய் ஒருநாள் ஸ்டேஷனில் உட்கார்ந்து வந்த பையன்கள் அந்தக் காலத்தில் நிறைய. "அது எப்பவோ நடந்தது சார், கேசும் இல்லை, எழுதணுமா?" என்று கேட்பார்கள். நான் அந்த வரியில் விரலை வைத்துக் காட்டுவேன். 'வேர் யூ அரெஸ்டட்?' என்று கேட்டிருந்தால், எப்போது, எந்த விஷயத்தில் என்று திருப்பிக் கேட்கலாம். 'ஹாவ் யூ எவர்' என்று கேட்டிருக்கிறான். நீ பிறந்த நாளிலிருந்து இன்று கையெழுத்துப் போடும் நிமிஷம் வரை எல்லாம் அந்த வலைக்குள் அடங்கும். எப்பவோ நடந்ததும் அடங்கும். உள்ளதை எழுதிவிடு, கேஸ் இல்லை என்பதையும் சேர்த்து எழுது என்பேன்.

இன்னொரு சம்பவம். ஒரு இலாகாவில் நான் இருந்தபோது, அங்கே வேலை பார்த்த ஒருவரை மாஹேவுக்கு மாற்றினார்கள். மாஹே நம் யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் இருப்பது கேரளக் கரையில், 600 கிலோமீட்டருக்கு அப்பால். மனிதருக்கு வீட்டில் மனைவிக்கு உடம்பு சரியில்லை. இங்கே ரிலீவ் ஆனவர் அங்கே போய்ச் சேரவில்லை. லீவுக்கும் எழுதிப் போடவில்லை. மூன்று வாரம் ஆயிற்று. மெமோ கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்த கிளார்க் டிராஃப்ட் எழுதினார்: "ஒய் டிட் யூ நாட் ஜாயின் டியூட்டி அட் மாஹே?"

எங்கள் சூப்பரின்டெண்டென்ட் பழைய ஆள். சென்னையில் படித்தவர், ஆங்கிலத்தில் புலி. பச்சை மசி, சிவப்பு மசி எதுவும் இல்லாமல் பென்சிலால் திருத்துவார். 'டிட்'டை அடித்துவிட்டு, "ஒய் ஹாவ் யூ நாட் ஜாயின்ட் டியூட்டி சோ ஃபார்?" என்று மாற்றினார். கிளார்க்குக்குப் புரியவில்லை. "ரெண்டும் ஒண்ணுதானே சார்?" என்றார்.

"ஒண்ணு இல்லப்பா. நீ எழுதினதுல அவன் சேர வேண்டிய நாள் முடிஞ்சு போச்சு, இனி தண்டனைதான் பாக்கி. நான் எழுதினதுல அவன் இன்னும் சேரலாம். நாளைக்குக் கிளம்பினாலும் போய்ச் சேரலாம். கதவைச் சாத்தறதுக்கு மேலே ஆள் இருக்காங்க, நாம ஏன் சாத்தணும்?"

மெமோ போயிற்று. அந்த மனிதர் ஓடி வந்தார். மனைவியின் மருத்துவச் சீட்டுகளை வைத்து லீவுக்கு எழுதிக் கொடுத்தார். பத்து நாளில் மாஹே போய்ச் சேர்ந்தார். ஒரு வினைச்சொல்தான் அவர் வேலையைக் காப்பாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். விதிகள் இருக்கின்றன, மேலதிகாரிகள் இருக்கிறார்கள், அவர்கள் மனம் இருக்கிறது. ஆனால் அந்தத் தாளைக் கையில் வாங்கியவருக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று தோன்றாமல், இன்னும் செய்யலாம் என்று தோன்றியது. அதற்கு அந்த ஒரு திருத்தம் உதவியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அன்றைக்கு எனக்கு இலக்கணம் முழுவதும் பிடிபட்டது. 'டிட்' என்பது சாத்திய கதவு. 'ஹாவ்' என்பது திறந்த கதவு. நடந்த காரியம் ஒன்றாகவே இருக்கலாம். அதற்கான நேரம் இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா என்பதைக் கேட்கிறவர் தம் கேள்வியிலேயே சொல்லிவிடுகிறார்.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். காலை பத்து மணிக்கு "ஹாவ் யூ டேக்கன் யுவர் டேப்லெட் திஸ் மார்னிங்?" என்று கேட்கலாம், காலை இன்னும் முடியவில்லை. சாயங்காலம் அதே மாத்திரையைப் பற்றி "டிட் யூ டேக் இட் திஸ் மார்னிங்?" என்றுதான் கேட்க வேண்டும். கடைசி நாள் முடியாத ஸ்கீமுக்கு "ஹாவ் யூ அப்ளைட்?" முடிந்த ஸ்கீமுக்கு "டிட் யூ அப்ளை?" இப்படிக் கேட்பதை வைத்தே கடைசி நாள் போய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

'உண்டா'வுக்கும் ஒரு விலக்கு இதிலிருந்து கிடைக்கிறது. "காமராஜரைப் பார்த்ததுண்டா?" என்று என் வயதுக்காரரைக் கேட்கிறோம். 'உண்டா' வந்ததால் 'ஹாவ்' போடத் தோன்றும். ஆனால் அவர் 1975-இல் காலமாகிவிட்டார். இனிப் பார்க்க வழியில்லை. "டிட் யூ எவர் சீ காமராஜர்?" என்பதே பொருத்தம்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் "டிட் யூ ஈட் யெட்?" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது அந்த ஊர்ப் பேச்சு வழக்கு. ஆங்கிலேயன் 'ஹாவ்' போடுகிற பல இடங்களில் அமெரிக்கன் 'டிட்' போடுவான். அதைத் தப்பு என்று பேரனிடம் சண்டைக்குப் போக வேண்டாம். பரீட்சைக்கு எந்த ஆங்கிலம் என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். "வென் டிட் யூ கம்?" என்பதில் இரண்டு நாட்டுக்காரர்களுக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

கதவு சாத்துவதைப் பற்றிச் சொன்னதால் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. என் அப்பா சைகோனில் சில வருஷம் உத்தியோகம் பார்த்தவர். இந்தோசீனா பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் எத்தனையோ பேர் அப்படிக் கப்பல் ஏறினார்கள். ஓய்வு பெற்றபின் ஒருநாள் சாயங்காலம் கடற்கரைச் சாலை பெஞ்சில் ஓர் ஆங்கிலேய மூதாட்டியோடு பேச்சுக் கொடுத்தேன். பேச்சு சைகோனுக்குப் போயிற்று. "ஹாஸ் யுவர் ஃபாதர் டோல்ட் யூ மச் அபௌட் இட்?" என்று கேட்டார். "ஹி டோல்ட் மீ எ லாட்" என்றேன். இறந்துபோனார் என்று நான் சொல்லவில்லை. அந்த அம்மாள் ஒரு நிமிஷம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அனுதாப வார்த்தை எதுவும் சொல்லவில்லை. அடுத்த கேள்வி, "டிட் ஹி மிஸ் இட்?" என்று வந்தது. அவ்வளவுதான். 'ஹாஸ்' போய் 'டிட்' வந்துவிட்டது. என் பதிலில் இருந்த ஒரு 'டோல்ட்'டிலிருந்து அவர் தெரிந்துகொண்டுவிட்டார். மரியாதை என்றால் அது.

வீட்டுக்கு நடக்கும்போது தமிழில் இதை எப்படிச் சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். "அப்பா நிறையச் சொல்லியிருக்கிறார்." இறந்து எத்தனை வருஷமானாலும் நாம் அப்படித்தான் சொல்கிறோம். தாத்தா சொல்லியிருக்கிறார், பாட்டி சமைத்துப் போட்டிருக்கிறாள். ஆள் போனாலும் சொன்னது நம்மிடம் இருக்கிறது, அதனால் 'இருக்கிறார்'. பிரெஞ்சிலும் உயிரோடிருப்பவருக்கும் போனவருக்கும் ஒரே பஸ்ஸே கொம்போஸேதான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆங்கிலத்தின் கணக்கு கொஞ்சம் கறார். போனவர் போனவர்தான்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. விதிகளை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். கேட்க நினைப்பதை முதலில் தமிழில் கேட்கச் சொல்லுங்கள். 'உண்டா', 'ஆச்சா' வருகிறதா, 'எப்போது' வருகிறதா என்று பார்க்கட்டும். பிறகு, அந்தக் காரியத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறதா என்று ஒரு தடவை நினைத்துப் பார்க்கட்டும். இருக்கிறது என்றால் 'ஹாவ்', இல்லை என்றால் 'டிட்'. பத்துக் கேள்வியில் ஒன்பது சரியாக வரும். மீதி ஒன்று, அந்த சூப்பரின்டெண்டென்டைப் போல ஒருவரிடம் நாலு வருஷம் வேலை பார்த்தால் வரும்.